1966 செவ்ரொலே சி-10 பிக்கப்: நான்கு டிரம் பிரேக்கில் எதை முதலில் மாற்றுவது?

நீலப்பிக்கப்66 எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். வட கரோலினாவில் சார்லட் நகருக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். என்னிடம் 1966 செவ்ரொலே சி-10 பிக்கப் ஒன்று இருக்கிறது. வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின், ஸ்டியரிங் தண்டில் மூன்று கியர், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், கால் விசையைப் பெருக்கும் பூஸ்டர் கிடையாது. ஆலையிலிருந்து வெளிவந்தபடியே வண்டி இன்னும் இருக்கிறது என்று சொல்லலாம். ஊருக்குள் ஓட்டும்போது பிரேக்கில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஆஷ்வில் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஐ-40 நெடுஞ்சாலையில் பிளாக் மவுண்டன் தாண்டி ஓல்டு ஃபோர்ட் நோக்கி இறங்கியபோது, பாதி இறக்கத்திலேயே காலுக்கடியில் பிடிமானம் குறையத் தொடங்கியது. எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வேகம் மெதுவாகத்தான் தணிந்தது, கருகிய வாடை கேபினுக்குள்ளேயே வந்தது. கீழே வந்து வண்டியை நிறுத்தி ஆறவிட்ட பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் பிரேக் பிடித்தது. இது போக, மழைநீரில் சக்கரம் நனைந்தால் முதல் சில மிதிப்புகளில் வண்டி இடப்பக்கமாக இழுக்கிறது.

இங்குள்ள ஒரு பட்டறையில் கேட்டபோது, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் (தட்டு) பிரேக், எஞ்சினின் வெற்றிடத்தில் இயங்கும் ஒரு பூஸ்டர், ஐந்து நட்டு கொண்ட புதிய சக்கரங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடச் சொன்னார்கள். விலை வண்டியை வாங்கிய விலையில் பாதிக்கு வருகிறது. பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்த வண்டியின் ஆறு நட்டுச் சக்கரங்களையும் அவற்றின் சிறிய வெள்ளித் தொப்பிகளையும் விட்டுவிட மனம் வரவில்லை. முன் சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் போட்டால் போதுமா, பூஸ்டர் இல்லாமல் சமாளிக்க முடியுமா, வேலையை எந்த வரிசையில் செய்வது சரி என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பட்டறைக்காரன் எழுதியது:

வணக்கம் ஐயா. எதையும் வாங்குவதற்கு முன்னால் நான்கு டிரம்களையும் கழற்றிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இறக்கத்தில் பிடிமானம் குறைந்தது சூட்டினால்தான். சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகிப்போகிறது, அதனால் பெடல் இறங்குகிறது. ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கும் அந்தச் சூட்டில் வழுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆறியதும் டிரம் பழைய அளவுக்குத் திரும்புவதால் பிரேக்கும் திரும்பக் கிடைக்கிறது. ஒரு பக்கம் இழுப்பது அப்படியல்ல. இடது முன்சக்கரமும் வலது முன்சக்கரமும் ஒரே அளவில் பிடிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். ஷூக்களைத் தள்ளும் வலப்பக்க வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் சற்றே விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், அந்த ஷூ இனி உதவாது. வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்கும் ரப்பர் ஹோஸ்கூட உள்ளே ஊதிப்போய் வழியை அடைத்திருக்கலாம். ஹோஸின் வயது தெரியாவிட்டால், யோசிக்காமல் முன்னால் இரண்டையும் பின்னால் ஒன்றையும் மாற்றிவிடுங்கள். செலவு மிகச் சொற்பம்.

ஷூக்களை யாராவது இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த வகை டிரம்மில் ஒவ்வொரு சக்கரத்திலும் லைனிங் குட்டையாக உள்ள ஷூ வண்டியின் முன்புறம் பார்த்தும், நீளமாக உள்ளது பின்புறம் பார்த்தும் இருக்க வேண்டும். முன் ஷூ டிரம்மோடு சேர்ந்து சுழல முயன்று பின் ஷூவை நெம்புவதால்தான் பூஸ்டர் இல்லாமலேயே இந்த பிரேக் இவ்வளவு பிடிக்கிறது. ஒரு சக்கரத்தில் மட்டும் இரண்டும் மாறியிருந்தால் வண்டி கட்டாயம் ஒரு பக்கம் இழுக்கும். பழைய வண்டிகளில் இந்தக் கோளாறு நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, டிரம்மும் உள்ளே குறிக்கப்பட்டிருக்கும் உச்ச அளவுக்குள் இருந்தால், நல்ல டிரம் பிரேக் ஊருக்குள் டிஸ்க்குக்குப் பெரிதாகச் சளைத்ததில்லை என்பது என் கருத்து. மலைப்பாதைதான் கணக்கை மாற்றுகிறது.


மிச்சிகன்வாசி எழுதியது:

பட்டறைக்காரர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் டிஸ்க்கா டிரம்மா என்ற விவாதத்துக்கு முன்னால் தீர்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. உங்கள் வண்டியில், பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. முன்னும் பின்னும் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில், ஒரே அழுத்தம். எங்கே ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களும் சேர்ந்தே போய்விடும். 1967 மாடலிலிருந்துதான் செவ்ரொலே இந்தப் பிக்கப்புகளுக்கு முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் தனித்தனியாகப் பிரிக்கும் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரைக் கொடுத்தது. உங்கள் வண்டி ஒரே ஆண்டில் அதைத் தவறவிட்டிருக்கிறது.

நான் இருக்கும் ஊரில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புத் தூவுவார்கள். என் வண்டியில் பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாய், சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் மட்டும் அரித்திருந்தது. மற்ற இடமெல்லாம் குழாய் பளபளவென்றுதான் இருந்தது. சிக்னலில் நிற்கும்போது பெடல் தரையைத் தொட்டுவிட்டது. கை பிரேக்கைப் பிடித்துத்தான் வண்டியை ஓரம் கட்டினேன். கிளிப்பைக் கழற்றியபோது, ஊசி முனையளவு துளையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஈரம் படிந்திருந்தது. ஆகவே கிளிப்புகள் ஒவ்வொன்றையும் கழற்றி அடியில் பாருங்கள்.

புதிய குழாய் போடுவதானால் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் எளிதில் வளையும், துருவும் பிடிக்காது. வீட்டுக் குடிநீருக்குப் போடும் வெறும் செம்புக் குழாய் இந்த அழுத்தத்துக்கு ஆகவே ஆகாது. குழாய் முனையை இரட்டை மடிப்பாகத்தான் விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு நாளடைவில் வெடித்துவிடும்.


ஆறுநட்டு எழுதியது:

சக்கரம் பற்றி நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். சி-10 வண்டிகளுக்கு முன் டிஸ்க் பிரேக் ஆலையிலேயே வழக்கமான பொருத்தமாக வந்தது 1971 மாடலில். அதே ஆண்டில் சக்கரமும் ஆறு நட்டிலிருந்து ஐந்து நட்டுக்கு மாறியது. உங்கள் சக்கரத்தில் நட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 5.5 அங்குலம், அவற்றில் 5 அங்குலம். பழைய இரும்புக் கடையிலிருந்து 1971, 1972 வண்டிகளின் ஸ்பிண்டிலையும் (சக்கரம் சுழலும் அச்சுமுனை) டிஸ்க்கையும் கொண்டுவந்து மாட்டுவது நெடுநாளைய வழக்கம்தான். ஆனால் முன்னால் ஐந்து நட்டு, பின்னால் ஆறு நட்டு என்று ஆகிவிட்டால், பின் அச்சையும் மாற்றும்வரை இரண்டு உதிரிச் சக்கரங்களைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

நீங்கள் உங்கள் சக்கரங்களை விட மாட்டேன் என்பதால், ஆறு நட்டு ரோட்டாருடன் (டிஸ்க் தட்டு) வரும் மாற்றுத் தொகுப்பைத் தேடுங்கள். பல தயாரிப்பாளர்களிடம் கிடைக்கிறது. வாங்குமுன் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முதலாவது, அந்தத் தொகுப்பு சக்கரத்தை எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பது. பழைய டிரம் ஸ்பிண்டிலின் மேலேயே காலிப்பரின் (உராய்வுப் பேடுகளைத் தட்டின்மேல் அழுத்தும் பகுதி) தாங்கியைப் பொருத்தும் சில தொகுப்புகளில் சக்கரம் பக்கத்துக்கு முக்கால் அங்குலம்வரை வெளியே வரும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் மட்காட்டில் உரசும். இரண்டாவது, காலிப்பரின் வெளிவிளிம்பு எங்கே வருகிறது என்பது. பழைய 15 அங்குல இரும்புச் சக்கரம் டிரம்முக்காகச் செய்யப்பட்டது. அதன் உட்புற வளைவு சில காலிப்பர்களில் இடிக்கும். தயாரிப்பாளர் தரும் வரைபடத்தை அட்டையில் வெட்டி, உங்கள் சக்கரத்துக்குள் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிடுங்கள்.


நீலப்பிக்கப்66 எழுதியது:

மிக்க நன்றி. டிரம்களைக் கழற்றினேன். பட்டறைக்காரர் சொன்னதுபோலவே வலது முன்சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிந்து ஷூவின் கீழ்ப்பாதி கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறது. ஷூக்கள் இடம் மாறவில்லை. பின் டிரம்கள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. முன்பக்கம் எப்படியும் பிரிக்க வேண்டியதாகிவிட்டதால், முன்னால் டிஸ்க்கும் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பூஸ்டர் வேண்டுமா என்பதுதான் இன்னும் தெளிவாகவில்லை. கடையில் மாஸ்டர் சிலிண்டரை 1 அங்குலம், 1⅛ அங்குலம் என்று பல அளவில் காட்டுகிறார்கள். பெரியது என்றால் அதிகம் பிடிக்கும் என்று விற்பவர் சொல்கிறார்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

விற்பவர் சொன்னது தலைகீழ். மாஸ்டர் சிலிண்டரின் துளை பெரிதானால் அழுத்தம் குறையும்.

உங்கள் கால் 30 கிலோ விசையில் மிதிப்பதாகக் கொள்வோம். பெடலின் நெம்பு விகிதம் 6 என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ்ராடில் 180 கிலோ கிடைக்கும். 1 அங்குலத் துளையின் பரப்பு ஏறத்தாழ 5.07 சதுர செ.மீ. ஆகையால் ஆயிலில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 35 கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதே மிதிப்பை 1⅛ அங்குலத் துளைக்குக் கொடுத்தால் பரப்பு 6.41 ஆகிவிடுவதால் அழுத்தம் 28 கிலோதான். ஐந்தில் ஒரு பங்கு பறிபோய்விட்டது. பெரிய துளையால் கிடைப்பது வேறு: அதே பெடல் நகர்வுக்கு அதிக ஆயில் தள்ளப்படும், பெடல் உயரமாக நிற்கும், மிதிக்கக் கெட்டியாக இருக்கும். அந்தக் கெட்டித்தன்மையைத்தான் பலர் நல்ல பிடிமானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

டிரம்மில் ஷூக்கள் தம்மைத் தாமே நெம்பிக்கொள்வதால் குறைந்த அழுத்தமே போதும் என்று பட்டறைக்காரர் விளக்கியிருக்கிறார். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. பேடை எவ்வளவு விசையில் அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அது பிடிக்கும். அவசரமாக நிறுத்த 70 கிலோ அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன பெடலில் 1 அங்குலத் துளைக்கு ஏறத்தாழ 59 கிலோவும், 1⅛ அங்குலத் துளைக்கு 75 கிலோவும் மிதிக்க வேண்டியிருக்கும். இதனால்தான் பூஸ்டர் இல்லாத டிஸ்க்குக்கு 1 அங்குலமும், பூஸ்டர் உள்ளதற்கு 1⅛ அங்குலமும் வழக்கமான தேர்வுகள். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, டிஸ்க் போட்டும் வண்டி நிற்கவில்லையே என்று புலம்புபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் ஓட்டுபவர் எல்லோரும் 59 கிலோ மிதிக்கத் தயாரா என்பதே பூஸ்டர் கேள்விக்கு விடை. மிதிக்க முடியும் என்றால் பூஸ்டர் தேவையில்லை. எஞ்சின் நின்றுபோனாலும் பிரேக் மாறாது என்பது ஒரு நிம்மதி. வேண்டும் என்றால், உங்கள் ஆறு சிலிண்டர் எஞ்சின் அதற்குப் போதுமான வெற்றிடத்தைத் தாராளமாகத் தரும். வேகத்துக்காகக் கேம்ஷாஃப்ட்டை மாற்றிய வி-8 வண்டிக்காரர்களுக்குத்தான் அங்கே திண்டாட்டம்; அவர்கள் பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட் பக்கம் போகிறார்கள். பூஸ்டர் போட்டால் பெடல் விகிதத்தையும் 4 அளவுக்குக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் பட்டதும் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு சிறு நுணுக்கம் உண்டு. பூஸ்டர் இல்லாத வண்டிக்கான மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில், புஷ்ராடு நழுவாமலிருக்க ஆழமான குழி இருக்கும். பூஸ்டர் வண்டிக்கான பிஸ்டனில் குழி மேலோட்டமானது. மேலோட்டக் குழி உள்ளதை வாங்கி நேரடிப் பெடலோடு இணைத்தால், ஒருநாள் புஷ்ராடு கீழே விழுந்துவிடலாம். பெட்டியைப் பிரித்ததும் விரலை விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் மீத அழுத்த வால்வு ஒன்று இருக்கும். அது வீல் சிலிண்டரின் ரப்பர்களை விரிந்தபடி வைத்திருக்கத் தேவை. டிஸ்க்குக்குப் போகும் வாயில் அது இருந்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருந்து சூடேறும். ஆகவே 1967 முதல் 1970 வரையிலான நான்கு டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரை வாங்கிப் பொருத்திவிட்டுப் பிறகு டிஸ்க் போடலாம் என்று நினைக்காதீர்கள். முன் டிஸ்க், பின் டிரம் என்று கேட்டு வாங்குங்கள். அதில் பெரிய அறை டிஸ்க்குக்கு உரியது.

மலையைப் பற்றி: ஓட்டுநரும் சாமான்களும் சேர்ந்து உங்கள் வண்டி 1,800 கிலோ என்று கொண்டால், ஓல்டு ஃபோர்ட் இறக்கத்தில் 350 மீட்டருக்குமேல் கீழிறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து ஒன்பது பத்து முறை முழுவதுமாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளாத மிச்சம் முழுவதும் டிரம்மில் சூடாகிறது. அந்தச் சாலையில் பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்கத் தனிப் பாதைகளைச் சும்மா கட்டி வைக்கவில்லை. டிஸ்க் சூட்டைக் காற்றில் விரைவாக விடும்; சூடேறி விரிந்தாலும் பேடை நோக்கித்தான் விரியும். ஆனாலும் இறங்கத் தொடங்குமுன் இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள்.


பட்டறைக்காரன் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பின்னால் டிஸ்க் வேண்டாம். சரக்கு இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் இறகுபோல் இலேசானது. பிரேக் பிடிக்கும்போது எடை மேலும் முன்னால் சாய்ந்துவிடும். அங்கே பிடிமானத்தைக் கூட்டுவதால் பயனில்லை, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கம் சுழன்றுவிடும் ஆபத்துதான் மிச்சம். உங்கள் கை பிரேக்கும் பின் டிரம்மையே நம்பியிருக்கிறது. அந்தப் பட்டறை ஏன் நான்கும் டிஸ்க் என்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்பின் சமநிலைக்குக் காம்பினேஷன் வால்வு போடுங்கள். பின் ஷூக்கள் ஸ்பிரிங்கை வென்று டிரம்மைத் தொடும்வரை அது முன் டிஸ்க்கைச் சற்றுத் தாமதிக்க வைக்கும், பலமாக மிதிக்கும்போது பின்னால் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும், ஒரு பக்கம் கசிந்தால் எச்சரிக்கை விளக்கையும் எரிக்கும். திருகி அளவு மாற்றும் வால்வு வேண்டுமென்பாரும் உண்டு. காலி வண்டிக்குத் திருகி வைத்தால் மரமோ மண்ணோ ஏற்றும்போது பின் பிரேக் வீணாக நிற்கும், சுமைக்குத் திருகி வைத்தால் காலியாகப் போகும்போது பின்சக்கரம் பூட்டும். நினைவாகத் திருப்புபவருக்கு மட்டும்தான் அது நல்லது.

பூஸ்டர் போட்டால், அதன் புஷ்ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி கட்டாயம் வேண்டும். புஷ்ராடு நீளமாகிப் பிஸ்டனை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருந்தால், ஆயில் திரும்பிவரும் துளை மூடியே இருக்கும். ஓட்ட ஓட்டச் சூட்டில் அழுத்தம் ஏறி, பிரேக் தானாகவே இறுகிவிடும்.


நீலப்பிக்கப்66 எழுதியது:

தெளிவாகிவிட்டது. என் மனைவியும் இந்த வண்டியை ஓட்டுவதால் பூஸ்டருடன் 1⅛ அங்குல மாஸ்டர் சிலிண்டர், ஆறு நட்டு ரோட்டார், பின்னால் இருக்கும் டிரம் அப்படியே என்று முடிவு செய்திருக்கிறேன். ஆயில் பற்றி ஒரு கேள்வி. வண்டி அதிக நேரம் நின்றே கிடப்பதால், ஈரம் உறிஞ்சாத சிலிக்கோன் வகை டாட் 5 ஊற்றலாமா? பெயின்ட்டைக் கெடுக்காது என்பதும் ஒரு கவர்ச்சி.


கணக்குப்பிள்ளை எழுதியது:

குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாமே புதிதாக இருந்து, ஒரு சொட்டுப் பழைய ஆயிலும் எஞ்சியிருக்காவிட்டால் டாட் 5 ஊற்றலாம். அது மற்ற வகைகளோடு கலக்காது, நுண்ணிய குமிழ்களை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏர் எடுப்பது (காற்றை வெளியேற்றுவது) பெரும்பாடு. உள்ளே நுழையும் நீரும் ஆயிலில் கரையாமல் காலிப்பரின் அடியில் தேங்கி அங்கேயே துருவை உண்டாக்கும். உங்களுடையதுபோல் மலையிறங்கும் வண்டிக்கு நான் டாட் 4 போடுவேன். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155; டாட் 3க்கு இவை 205, 140. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் ஈரத்தைப் பற்றிய கவலை இல்லை. பெயின்ட்டில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பெயரில் ஒத்திருக்கும் டாட் 5.1 சிலிக்கோன் அல்ல. டாட் 3, டாட் 4 வகையறாவைச் சேர்ந்தது.


மிச்சிகன்வாசி எழுதியது:

மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டுமுன் மேசையிலேயே ஆயில் ஊற்றி, குமிழ் நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக் காற்றை எடுத்துவிடுங்கள். பிறகு வண்டியில் வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசையில் ஏர் எடுங்கள். எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சுபோல் அமுங்கினால், காலிப்பர்களின் காற்றுத் திருகு மேலே பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாறிப்போனால் திருகு கீழே வந்து, காற்று மேலேயே தங்கிவிடும். முடிந்ததும் எஞ்சினை நிறுத்திப் பெடலைச் சில முறை மிதித்து, அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் சற்றே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. புதுப் பேடுகளை மணிக்கு 35 மைலிலிருந்து 5 மைல்வரை நிதானமாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டுப் பழக்குங்கள். சூடாக இருக்கும்போது நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்க வேண்டாம். அன்று மாலை வண்டி ஆறியதும் சக்கர நட்டுகளை முறுக்குவிசைச் சாவியால் மறுபடி சோதித்து, ஒவ்வொரு குழாய் இணைப்பின் அடியிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் அந்த இணைப்பைத் திரும்ப இறுக்காமல் மலைப்பக்கம் போகாதீர்கள்.